மாட்டிக்கொள்ளும் உரிமை

ஸ்டெல்த் விளையாட்டைக் கெடுப்பது சுமாரான கிராஃபிக்ஸோ மக்குக் காவலர்களோ இல்லை. கீபோர்டின் மேல் வரிசையில் உட்கார்ந்திருக்கும் எஃப்5 பட்டன்தான் கெடுக்கிறது. அதை ஒரு தட்டு தட்டினால் ஆட்டம் இருந்த நிலையில் பத்திரமாகிவிடும். எஃப்9ஐத் தட்டினால் அதே நிலைக்குத் திரும்பிவிடலாம். நான்கு அடி நடந்தால் ஒரு எஃப்5. கதவைத் திறந்தால் ஒரு எஃப்5. காவலன் கழுத்தைத் திருப்பினானா, உடனே எஃப்9. இப்படியே முப்பது மணி நேரம் ஆடிவிட்டு, "நல்லாத்தான் எடுத்திருக்கான், ஆனா ஒரு த்ரில்லே இல்லப்பா" என்று உதட்டைப் பிதுக்குபவர்கள் என் நண்பர் வட்டத்திலேயே ஆறு பேர் தேறுவார்கள். த்ரில்லை முப்பது மணி நேரமாக ஒவ்வொரு சொட்டாக வடிகட்டிக் கீழே ஊற்றியது யார்? இந்தக் கட்டுரை அவர்களோடு போடும் சண்டை.

கேம் ஆடாத வாசகர்களுக்கு ஒரு நிமிட விளக்கம். சுட்டுத் தள்ளும் ஆட்டங்களில் நீங்கள் பலசாலி. ஸ்டெல்த் ஆட்டத்தில் நோஞ்சான். எதிரியிடம் இல்லாத ஒரே பலம் உங்களிடம் உண்டு: நீங்கள் அங்கே இருப்பது அவனுக்குத் தெரியாது. இருட்டு, சுவர், காலடிச் சத்தம், காவலன் எந்தப் பக்கம் பார்க்கிறான் என்கிற கணக்கு, இவ்வளவுதான் கைமுதல். இந்த வகை முழு உருவம் பெற்றது 1998இல். ஜப்பானிலிருந்து 'டென்சு', 'மெட்டல் கியர் சாலிட்', அமெரிக்காவின் லுக்கிங் கிளாஸ் ஸ்டூடியோஸிடமிருந்து 'தீஃப்', மூன்றும் அந்த ஒரே ஆண்டில் வந்தன. தீஃபில் காரெட் என்கிற திருடன் பளிங்குத் தரையில் நடந்தால் ஊரே கூடிவிடும். கம்பளத்தில் நடந்தால் பூனைக்கும் கேட்காது. தீப்பந்தத்தை நீர் அம்பு எய்து அணைக்கலாம். இருபத்தைந்து வருஷம் தாண்டியும் அந்தத் தரையின் சத்தத்தை மிஞ்சிய ஆட்டங்கள் குறைவு.

சேமிப்பு விஷயத்தில் அந்த வருஷமே இரண்டு கட்சிகள் உருவாகிவிட்டன. தீஃப் கணினி ஆட்டம், எங்கே வேண்டுமானாலும் எத்தனை முறை வேண்டுமானாலும் சேமிக்கலாம். மெட்டல் கியர் சாலிட்டில் சேமிக்க வேண்டுமென்றால் ரேடியோவில் மெய் லிங் என்கிற பெண்ணைக் கூப்பிட வேண்டும். அவள் சீனப் பழமொழி ஒன்றைச் சொல்லி அதற்கு விளக்கமும் சொல்லிவிட்டுத்தான் சேமித்துத் தருவாள். சேமிப்பதே ஒரு சின்ன நிகழ்ச்சி. கொஞ்ச தூரம் போனால் சைக்கோ மான்டிஸ் என்றொரு வில்லன் வருவான். 'உன் மனதைப் படிக்கிறேன் பார்' என்று உங்கள் மெமரி கார்டைப் படித்து, நீங்கள் அடிக்கடி சேமிக்கிறவரா துணிந்து போகிறவரா என்று முகத்துக்கு நேராகச் சொல்வான். எத்தனை தடவை சேமிக்கிறாய் என்பது உன் குணத்தின் ஜாதகம் என்று ஹிடியோ கொஜிமாவுக்கு அன்றே தெரிந்திருக்கிறது.

2000இல் டென்மார்க்கின் ஐஓ இன்டராக்டிவ் முதல் 'ஹிட்மேன்' ஆட்டத்தை வெளியிட்டது. மிஷன் நடுவில் சேமிக்கவே முடியாது. அதே ஆண்டு நார்வேயின் இன்னர்லூப் ஸ்டூடியோஸ் எடுத்த 'புராஜெக்ட் ஐஜிஐ' வந்தது. அதிலும் மிஷன் நடுவில் சேமிப்பு கிடையாது. ஐஜிஐ பெயரைச் சொன்னால் தமிழ்நாட்டில் என் வயதுக்காரர்களுக்குக் கண்ணில் ஒரு வெளிச்சம் வரும். பள்ளி விடுமுறைக்குக் கும்பகோணம் போகும்போதெல்லாம் மாமா பையன்கள் என்னைப் பிரவுசிங் சென்டருக்கு இழுத்துப் போவார்கள். ஒருவன் ஆடுவான், ஐந்து பேர் நாற்காலிக்குப் பின்னால் நிற்பார்கள். கேமரா கண்ணில் பட்டு அலாரம் அடித்துவிட்டால் பின்னால் நிற்பவர்கள் போடும் சத்தம் தெருவுக்குக் கேட்கும். "சுவத்துப் பின்னாடி போடா! அலாரத்த ஆஃப் பண்ணுடா முதல்ல!" இருபது நிமிடம் பதுங்கிப் பதுங்கி வந்த பாதை முழுக்க ஒரு குண்டில் போய்விடும். யாரும் அழவில்லை. இன்றைக்கும் குடும்பக் கல்யாணங்களில் அந்த மாமா பையன் கோபுரத்தின் மேல் மாட்டிக்கொண்டு ஏணியில் இறங்கி ஓடிய கதையைச் சொல்வான், ஒவ்வொரு கல்யாணத்திலும் துரத்திய ஆட்களின் எண்ணிக்கை கூடும். எஃப்9 அமுக்கின கதையை இதுவரை எவனாவது கல்யாணத்தில் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

ஆனால் 2000இன் கறார்த்தனத்துக்குத் திரும்பிப் போகச் சொல்லவில்லை நான். சேமிப்பே இல்லாத ஹிட்மேன் பலரைக் கடுப்பேற்றியது. ஐஓ இன்டராக்டிவே 2002இல் வந்த அடுத்த பாகத்தில் ஒரு நடுவழி கண்டுபிடித்தது. சாதாரண நிலையில் ஒரு மிஷனுக்கு ஏழு சேமிப்பு, அடுத்த நிலையில் இரண்டு, உச்ச நிலையில் பூஜ்யம். ஏழு என்றவுடன் மனசு எப்படி வேலை செய்கிறது பாருங்கள். இப்போதே ஒன்றைச் செலவழிக்கலாமா, சமையலறையைத் தாண்டிய பிறகா? சேமிப்பு ஒரு சரக்காகிவிட்டது. சரக்கு என்றால் தீரும். தீரும் என்றால் யோசிக்க வேண்டும். இந்த வகை ஆட்டத்தில் சேமிப்புக்குக் கிடைத்த ஆக நியாயமான தீர்வு இதுதான் என்பது என் கட்சி.

அளவில்லாமல் சேமிப்பதால் என்ன குடிமுழுகிப் போகிறது? நான் மென்பொருள் எழுதிச் சம்பாதிப்பவன், அதனால் உள்பக்கத்திலிருந்து சொல்கிறேன். ஸ்டெல்த் ஆட்டத்தில் காவலனின் மூளை பல நிலைகளாக எழுதப்பட்டிருக்கும். நிம்மதியாக நடப்பான். 'என்னமோ சத்தம் கேட்டுச்சே' என்று நிற்பான். வந்து பார்ப்பான். சந்தேகம் தீராமல் தேடுவான். பார்த்துவிட்டால் கத்துவான், ஆள் கூட்டுவான், அலாரத்துக்கு ஓடுவான். தொலைத்துவிட்டால் கடைசியாக உங்களைப் பார்த்த இடத்துக்குப் போய்த் துழாவுவான். பிறகு அலுத்துப்போய்த் தன் இடத்துக்குத் திரும்புவான், சில ஆட்டங்களில் அதற்குப் பிறகு அவன் பழைய ஆளாக இருக்க மாட்டான். ஒரு குழு மாதக்கணக்கில் உட்கார்ந்து எழுதிய நடத்தை இது. எஃப்5காரர் இதில் எதைப் பார்க்கிறார்? முதல் இரண்டை. மூன்றாவது தொடங்கும்போது அவர் விரல் எஃப்9க்குப் போய்விடுகிறது. நாலு மணி நேர நாடகத்துக்கு டிக்கெட் வாங்கிவிட்டு, நாயகனுக்கு ஒரு சிக்கல் வருகிற ஒவ்வொரு தடவையும் எழுந்து கத்தி, முந்தின காட்சியைத் திரும்பப் போடச் சொல்கிற மாதிரி.

அவர் கையில் இருக்கும் சாமான்களைப் பாருங்கள். புகைக்குண்டு, பொறி, மயக்க ஊசி. 'டிஸ்ஆனர்ட்' மாதிரியான ஆட்டத்தில் இருந்த இடத்திலிருந்து கண்சிமிட்டும் நேரத்தில் வேறிடம் தாவும் மந்திரம்கூட உண்டு. இதில் பாதி, மாட்டிக்கொண்ட பிறகு தப்பிப்பதற்காகக் கொடுக்கப்பட்டவை. மாட்டவே மாட்டேன் என்று அழித்து அழித்து ஆடுபவரின் பை கடைசி வரை நிரம்பியே இருக்கும். தீபாவளிக்கு வாங்கிய வெடி கார்த்திகை வரைக்கும் பரணில் கிடப்பது போல.

இதழின் இலக்கிய வாசகர்கள் இந்த இடத்தில் 'இதெல்லாம் எங்களுக்கு எதுக்கு?' என்று கேட்கலாம். உங்களுக்குத்தான். மறைந்து போவதைப் பற்றி இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே இலக்கணம் எழுதி வைத்த மொழி இது. அதற்குப் பெயரே களவு.

சங்க அகப்பாடல்களின் களவை ஒரு ஸ்டெல்த் ஆட்டமாக ஒரு தடவை படித்துப் பாருங்கள். இரவுக்குறி என்பது மிஷன். தலைவன் வர வேண்டும், யார் கண்ணிலும் படக்கூடாது. அகநானூற்றின் 122ஆம் பாட்டில் பரணர் தடைகளை வரிசையாக அடுக்குகிறார். ஊர் தூங்கினால் தாய் தூங்குவதில்லை. தாய் தூங்கினால் காவலர் சுற்றுகிறார்கள். அவர்கள் ஓய்ந்தால் நாய் குரைக்கிறது, நாய் அடங்கினால் நிலா காய்கிறது, நிலா மறைந்தால் கூகை அலறுகிறது, அதுவும் அடங்கினால் சேவல் கூவுகிறது. எல்லாம் ஒத்துவந்த ஒருநாள் பார்த்து அவன் வரவில்லை. ஒளி, ஒலி, காவலர் சுற்று, நேரம், எதையும் அவர் விடவில்லை. அல்லகுறி என்று இன்னொன்று உண்டு. அவன் தருவதாகச் சொன்ன சத்தம் தானாகவே எங்கோ கேட்டு, அவன்தான் வந்துவிட்டான் என்று தோழியும் தலைவியும் வெளியே வந்து ஏமாந்து திரும்புவது. காவலனை ஏமாற்றக் கல்லெறிந்து சத்தம் கிளப்புகிற நம்முடைய விளையாட்டு உத்தியைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டது மாதிரி இருக்கிறது.

இப்போது அந்தத் தலைவன் கையில் ஒரு எஃப்9ஐக் கொடுங்கள். நாய் குரைத்ததா, திரும்பப் போ. தாய் விழித்தாளா, திரும்பப் போ. கடைசியில் ஒரு மாசுமறுவற்ற சந்திப்பு நடக்கும். அலர் எழாது. அலர் எழாவிட்டால் இற்செறிப்பு இல்லை. மகள் மெலிவதைப் பார்த்துத் தாய் குழம்பி, முருகன் அணங்கியதாக நினைத்து வேலனை அழைத்து வெறியாட்டு நடத்த மாட்டாள் (சந்தேகப்பட்ட காவலன் ஆளில்லாத புதரைக் குத்திப் பார்ப்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை). தோழி அறத்தொடு நிற்கத் தேவையிருக்காது. உடன்போக்கும் கிடையாது, மகள் போன வழியில் தேடி நடக்கும் செவிலியும் கிடையாது. நம் அக இலக்கியத்தில் நம்மை உலுக்கும் பாடல்களில் பெரும்பங்கு, ரகசியம் கசியத் தொடங்கிய நொடிக்குப் பின்னால் நடப்பதைப் பற்றியது. மாட்டாத களவைப் பாட என்ன இருக்கிறது?

சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையில் பொற்கொல்லன் காவலர்களுக்குக் கள்வர்களைப் பற்றி ஒரு வகுப்பே எடுக்கிறான். கள்வர்க்கு எட்டுத் துணைகள் உண்டு என்கிறான். மந்திரம், மருந்து, இடம், காலம், கருவி என்று போகிறது பட்டியல். நடந்ததை நடக்காததாக்கும் வசதி அந்தப் பட்டியலில் இல்லை. அந்தக் காவியத்தில் அது யாருக்குமே வாய்க்கவில்லை, பாண்டியனுக்கு உட்பட. அதனால்தான் அது காவியம்.

சரி, இனி நம்ம ஊருக்கு வருவோம். ஏனென்றால் சிங்கப்பூரில் எஃப்5 வெறும் பட்டன் இல்லை, வளர்ப்பு.

தேக்கா சென்டரில் மத்தியான நேரம் போய்ப் பாருங்கள். ஆள் இல்லாத மேசையில் ஒரு டிஷ்யூ பாக்கெட் உட்கார்ந்திருக்கும். 'சோப்' பண்ணியாயிற்று, அந்த இடம் வேறொருவருடையது. சோறு வாங்கும் முன்னாலேயே உட்காரும் இடத்தைச் சேமித்துவிட வேண்டும். இந்த மனநிலைக்கு ஹொக்கியன் தந்த பெயர் கியாசு, தோற்றுவிடுவோமோ என்கிற பயம். 1990இல் 'மிஸ்டர் கியாசு' என்று ஒரு கார்ட்டூன் நாயகனே பிறந்து நம்மைப் பார்த்துச் சிரித்தான். நாமும் சிரித்தோம், பாக்கெட்டை மேசையில் வைத்துவிட்டு.

இதன் வேர் டிஷ்யூ பாக்கெட்டை விட ஆழமானது. பன்னிரண்டு வயதில் பிஎஸ்எல்இ எழுதியவர்கள் நாம். என் காலத்தில் டி-ஸ்கோர். நீ எவ்வளவு எடுத்தாய் என்பதோடு மற்ற பிள்ளைகள் எவ்வளவு எடுத்தார்கள் என்பதையும் கலந்து வரும் எண். அந்த எண்ணை வைத்து எக்ஸ்பிரஸ், நார்மல் என்று பிரித்தார்கள். 2021இல் டி-ஸ்கோர் போய், நான்கு பாடங்களுக்கும் சேர்த்து 4 முதல் 32 வரை போகும் அடைவுநிலை வந்தது. 2024இல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தவர்களிலிருந்து எக்ஸ்பிரஸ், நார்மல் பிரிவுகளும் போய்விட்டன. நல்ல மாற்றங்கள், தாமதமாகவேனும் வந்தன. ஆனால் இன்று இருபதுகளின் கடைசியில் இருக்கும் நாங்கள் பழைய முறையில் வார்த்து எடுக்கப்பட்டவர்கள். ஒரு தப்பு மூன்று மதிப்பெண், மூன்று மதிப்பெண் ஒரு பள்ளி, ஒரு பள்ளி ஒரு வாழ்க்கை என்று நம்பி வளர்ந்தவர்கள்.

ஆகவே எஃப்5 கட்சியின் ஆக வலுவான வாதம் இங்கேதான் இருக்கிறது. என் தோழி ஒருத்தி, மருத்துவமனையில் ஷிஃப்ட் வேலை பார்ப்பவள், போன மாதம் சிராங்கூன் சாலையில் தோசைக்காகக் காத்திருந்தபோது கோபமாகவே கேட்டாள்: "வாழ்க்கையில எங்கயுமே நமக்கு ரீலோட் குடுக்கல. கேம்லயாவது இருக்கட்டுமே. அதுலயும் வந்து உபதேசம் பண்ணணுமா நீ?"

அது சும்மா ஒதுக்கிவிடக்கூடிய வாதம் இல்லை. ஆனாலும் எனக்கு அது தப்பாகப் படுகிறது. எஃப்9ஐ அமுக்குபவர் ஓய்வெடுக்கவில்லை. அவர் மறுபடியும் பரீட்சை எழுதுகிறார். ஒரு எழுத்து பிசகினால் தாளைக் கிழித்துவிட்டு முதலிலிருந்து, திருத்தல் அடையாளமே இல்லாத ஒரு விடைத்தாள் கிடைக்கும் வரை. யாரும் மதிப்பெண் போடாத இடத்திலும் நூற்றுக்கு நூறு வாங்கப் பார்க்கிறார். தப்பு செய்தால் உலகம் முடிந்துவிடும் என்று நமக்குச் சொல்லிக்கொடுத்த அதே பாடத்தை, இந்தத் தடவை ஆசிரியர் இல்லாமல் தானே தனக்கு நடத்திக்கொள்கிறார். நமக்கு உண்மையில் கிடைக்காமல் போனது ரீலோட் இல்லை. தப்பு செய்த பிறகும் தொடர்ந்து போகிற அனுபவம்தான் கிடைக்கவில்லை. சொதப்பிய பிறகு அடுத்த நிமிடத்தில் என்ன செய்வது என்று யாரும் பழக்கவில்லை. அதைச் சேதமில்லாமல் பழகக் கிடைத்த ஒரே இடம் இந்த ஆட்டங்கள். மாட்டிக்கொண்டு, பதறி, ஒரு ஜன்னலில் குதித்து, யாருடைய அறை என்றே தெரியாத அலமாரிக்குள் ஒளிந்து, இதயம் அடித்துக்கொள்ள, வெளியே காலடிச் சத்தம் மெல்ல விலகுவதைக் கேட்பது. அந்த அலமாரிக்குள் உட்கார்ந்திருக்கும் உரிமையைத்தான் நாம் ஒரு பட்டனுக்கு விற்றுக்கொண்டிருக்கிறோம்.

இரண்டாவது வாதம் நேரம் பற்றியது. இதில் எஃப்5 கட்சி சொல்வது நூறு சதவீதம் சரி. பங்கோலிலிருந்து லிட்டில் இந்தியா வரும் ரயிலில் கையடக்கக் கருவியில் ஆடுபவருக்கு வண்டி நின்றால் ஆட்டமும் நிற்க வேண்டும். குழந்தை அழுதால் நிற்க வேண்டும். ஷிஃப்ட் முடிந்து தூக்கம் கண்ணைச் சுழற்றும்போது நிற்க வேண்டும். நாற்பது நிமிடம் ஒரே மூச்சில் உட்கார்ந்தால்தான் மிஷன் முடியும் என்பது வேலையில்லாத இளைஞர்களுக்காக எழுதிய சட்டம்.

ஆனால் கவனியுங்கள், இங்கே இரண்டு வேறு வேறு பொருள்களை ஒரே சொல்லால் கூப்பிடுகிறோம். ஒன்று புத்தகக்குறி. மூடி வைத்துவிட்டுப் போய், வந்து விட்ட இடத்தில் தொடர்வது. இன்னொன்று அழிரப்பர். நடந்ததை நடக்கவில்லை என்றாக்குவது. புத்தகக்குறி எல்லாருக்கும், எந்நேரமும், அளவில்லாமல் கிடைக்க வேண்டும். ஆட்டத்தை மூடும்போது தானே சேமித்து, திறக்கும்போது அந்தச் சேமிப்பை எடுத்துக்கொள்கிற முறை பல ஆட்டங்களில் பல காலமாக இருக்கிறது, எழுதுவதும் பெரிய கம்பசூத்திரம் இல்லை. 2018இல் வந்த 'கிங்டம் கம்: டெலிவரன்ஸ்' சேமிப்பதற்கு ஒரு சாராயப் புட்டியைச் செலவழிக்க வைத்தது. ஆடுபவர்கள் சத்தம் போட்டார்கள், சீக்கிரமே சேமித்துவிட்டு வெளியேறும் வசதியைச் சேர்த்துவிட்டார்கள். சாராயம் அப்படியே இருந்தது. நான் கேட்பதும் இவ்வளவுதான். குறியை இலவசமாகக் கொடு, ரப்பருக்கு விலை வை.

வேலையிலும் இந்த வேறுபாடு எங்களுக்குத் தெரியும். நிரல் எழுதும்போது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சேமிக்காதவனை அணியில் யாரும் நம்ப மாட்டார்கள். அடிக்கடி சேமிப்பது அங்கே தர்மம், ஏனென்றால் அங்கே வேண்டியது முடிந்த பொருள். ஆனால் அதே தொழிலில், தரவுத்தளத்தில் ஒரு பரிமாற்றத்தை 'கமிட்' செய்தாயிற்று என்றால் அதற்குப் பிறகு ரோல்பேக் கிடையாது. வங்கியில் பணம் போய்விட்டது, போய்விட்டதுதான். அந்த உறுதி இல்லாவிட்டால் கணக்கு எதையுமே நம்ப முடியாது. கதைக்கும் அப்படி ஒரு கமிட் வேண்டும். அது இல்லாத ஆட்டத்தில் நீங்கள் எடுக்கும் முடிவு எதுவும் முடிவு ஆவதில்லை.

மூன்றாவது வாதம் சுதந்திரம். 'தனியா ஆடுற கேம். என் வீடு, என் கணினி. உனக்கென்ன?' உண்மைதான், யார் வீட்டுக்குள்ளும் வந்து எஃப்5ஐப் பிடுங்க எனக்கு எண்ணமில்லை. ஆனால் அளவில்லாத சேமிப்பு உங்கள் அறைக்குள் மட்டும் நிற்பதில்லை. ஆடுபவர் எப்படியும் அழித்து அழித்துத்தான் ஆடுவார் என்று தெரிந்த வடிவமைப்பாளர், முன்கூட்டி ஊகிக்கவே முடியாத இடத்தில் ஒரு காவலனை நிறுத்துவார். 'ஒரு தடவை மாட்டினா தெரிஞ்சுக்கப் போறான்' என்கிற அலட்சியம். தப்பிக்கும் வழிகளை யோசித்து வைக்க மாட்டார், யாரும் அந்த வழியில் போகப் போவதில்லையே. ஒருவருடைய பழக்கம் எல்லாருடைய ஆட்டத்தையும் வடிவமைக்கிறது.

வடிவமைப்பாளர்களும் யோக்கியர்கள் இல்லை. பார்வை பட்ட கணமே திரையைக் கறுப்பாக்கி 'மிஷன் தோல்வி' என்று எழுதும் ஆட்டங்கள் உண்டு. 2002இல் வந்த முதல் 'ஸ்பிளின்டர் செல்'லில் சில மிஷன்களில் மூன்று அலாரம் அடித்தால் கதை முடிந்தது. மாட்டியபின் ஆட்டமே இல்லாத இடத்தில் எஃப்9 அமுக்குபவரை நான் குறை சொல்ல மாட்டேன். அங்கே அழிரப்பர்க்காரர் ஆட்டமேதான்.

நல்ல உதாரணங்களும் இருக்கின்றன. 2014இன் 'ஏலியன்: ஐசொலேஷன்' சுவரில் பதித்த ஒரு கருவியில் அட்டையைச் செருகி, விளக்குகள் ஒவ்வொன்றாக எரியும்வரை நின்றால்தான் சேமிக்கும். நிற்கும் அந்தச் சில விநாடிகளுக்குள் அந்த ஜந்து பின்னால் வந்து கொன்றும்விடலாம். சேமிப்பதே துணிச்சலான காரியம். 2015இன் 'இன்விசிபிள், இங்க்.' ஒரு மிஷனுக்கு இத்தனை தடவைதான் பின்னே போகலாம் என்று எண்ணிக் கொடுக்கிறது. 2016இல் மீண்டு வந்த 'ஹிட்மேன்' எலூசிவ் டார்கெட் என்று ஒன்றை வைத்தது. சில நாட்களே இருக்கும் ஓர் இலக்கு, நடுவில் சேமிப்பு இல்லை, தோற்றால் அந்த ஆள் உங்களுக்கு மறுபடி வரமாட்டான். மற்ற மிஷன்களில் நூறு தடவை ரீலோட் செய்கிறவர்களுக்கு இங்கே மட்டும் உள்ளங்கை வியர்த்துவிடும். 2018இன் தொடர்ச்சியில் 'மாஸ்டர்' நிலைக்கு ஒரே ஒரு சேமிப்பு.

என் கட்சிக்கு எதிரான சாட்சி ஒன்றையும் நானே கூண்டில் ஏற்றுகிறேன். ஜெர்மனியின் மிமிமி கேம்ஸ் 2016இல் எடுத்த 'ஷேடோ டாக்டிக்ஸ்', நீங்கள் கடைசியாகச் சேமித்து எவ்வளவு நேரமாயிற்று என்று திரையிலேயே கடிகாரம் ஓட்டி, சேமி சேமி என்று நச்சரிக்கும். நான் மிக மதிக்கும் ஆட்டங்களில் ஒன்று. அது ஏன் கெடவில்லை? அது ஒரு சதுரங்கப் புதிர். மேலிருந்து பார்த்து, ஐந்து பேரை ஒரே நொடியில் நகர்த்திப் பூட்டைத் திறக்கும் கணக்கு. தவறான விடையை அழிப்பது புதிரின் பகுதி. அந்தக் குழு இதை மறைக்கவும் இல்லை. 2023இல் எடுத்த 'ஷேடோ கேம்பிட்'டில் நினைவுகளைப் பிடித்து வைக்கும் ஒரு பேய்க்கப்பலின் சக்தியாகவே சேமிப்பைக் கதைக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். அழிப்பதை ஆட்டத்தின் வினைச்சொல்லாக்கியவர்களோடு எனக்குச் சண்டையில்லை. காரெட்டும் ஏஜென்ட் 47உம் வேறு வகை. அங்கே நீங்கள் ஓர் உடம்பாக அந்த இருட்டுக்குள் நிற்கிறீர்கள். உடம்புக்கு எஃப்9 கிடையாது.

இந்த ஊரிலும் ஆட்டம் செய்பவர்கள் இருக்கிறார்கள். 2008இல் டிஜிபென் இங்கே கல்லூரி திறந்தது. அதே ஆண்டு யூபிசாஃப்ட் ஸ்டூடியோ திறந்தது, 'அசாசின்ஸ் கிரீட்' வரிசையின் கடற்போர்களில் இங்கிருந்தவர்களின் உழைப்பு உண்டு. அவர்களுக்கும், அடுத்து வரப்போகிறவர்களுக்கும் என் கோரிக்கை மூன்று. மூடித் திறக்கும் புத்தகக்குறியை யாரிடமும் பறிக்காதீர்கள். அழிக்கும் சேமிப்பை எண்ணிக் கொடுங்கள், கை நடுக்கமோ பார்வைக் குறையோ உள்ளவர்கள் அந்த எண்ணைக் கூட்டிக்கொள்ள அமைப்புகளில் வழி வையுங்கள், அதைக் கேலி செய்யாதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, மாட்டிக்கொண்டபின் ஓட ஒரு பாதையைக் கட்டுங்கள். பாதை இருந்தால் மக்கள் ஓடிப் பார்ப்பார்கள்.

ஆடுபவர்களுக்கு ஒன்றே ஒன்று. சிம் லிம் ஸ்குவேர் படியேறி கிராஃபிக்ஸ் கார்டுக்கு ஆயிரம் வெள்ளி கொடுக்கத் தயங்காதவர்கள் நீங்கள். இதற்குக் காசே வேண்டாம். இந்த வார இறுதியில் உங்களுக்குப் பிடித்த ஸ்டெல்த் ஆட்டத்தில் ஒரு மிஷன், அமைப்புகளுக்குள் போய் எஃப்9ஐ எந்த வேலையும் இல்லாத பட்டனாக மாற்றிவிடுங்கள். காவலன் திரும்புவான். பார்ப்பான். கத்துவான். உங்கள் விரல் பழக்கத்தில் மேல் வரிசைக்குப் போகும், அங்கே ஒன்றும் இருக்காது. அதற்குப் பிறகு நடப்பதை எனக்கு எழுதுங்கள். சுத்தமாக முடித்தவர்களின் கடிதங்களை நான் படிக்கப்போவதில்லை.